எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க தினை அதிரசம், பூண்டு ஊறுகாய்னு பேசி எல்லோரையும் பசியில் உட்கார வெச்சுட்டாங்க. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பில் தின்பதற்கு ஒண்ணும் இல்லை. நம்ம கூட்டமைப்பு இணையதளத்தின் லாகின், பாஸ்வேர்டு, அப்புறம் ஏபிஐ கீ என்று சொல்கிறார்களே அந்தச் சாவி. இதை ஏன் விழா மேடையில் பேசணும், ஆபீசுக்குள்ளேயே பேசிக்கலாமே என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. துணிப்பை தைக்கிற குழுவுக்கு நடந்ததைச் சொன்னால் பதில் கிடைத்துவிடும்.

நம்ம தளத்தில் பொருள் வாங்குவதற்கு ஒரு பக்கம், மொத்த ஆர்டர் பற்றி விசாரிக்க ஒரு படிவம் என்று இரண்டு இருக்கிறது. பெயர், போன் நம்பர், என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பினால் நம்ம மெயிலுக்கு வந்து சேரும். போன வருஷம் கார்த்திகை வாக்கில் அந்தப் படிவத்தில் குப்பை கொட்ட ஆரம்பித்தது. சூதாட்டம், கடன் தருகிறோம், மாத்திரை வாங்குங்கள் என்று ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. இதையெல்லாம் ஆள் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஊர் ஊராகப் போய்க் கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரி, தளம் தளமாகப் போய்ப் படிவங்களை நிரப்புவதற்கென்றே எழுதின நிரல்கள் இருக்கின்றன. அந்தக் குப்பைக்கு நடுவில் கோயம்புத்தூரில் இருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் தாம்பூலப் பை 400 வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அது யார் கண்ணிலும் படவில்லை. பதினோரு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். "பதிலே போடலியேம்மா, வேற இடத்துல குடுத்துட்டோம்" என்றார். கோபமாகக்கூட சொல்லவில்லை. அந்தக் குழுவில் 12 பேர். அந்த மாசம் வங்கிக் கடன் தவணைக்கு அவங்க சங்கச் சேமிப்பில் கை வைக்க வேண்டியதாயிற்று. தையல் மிஷின் ஓடாமல் நின்றதற்குக் காரணம் துணி இல்லாததோ, ஆள் இல்லாததோ இல்லை. ஒரு சாவி இல்லாததுதான்.

என்ன சாவி என்று சொல்கிறேன்.

நம்ம தளம் வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. 2003-ல் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். உலகத்தில் இருக்கிற தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இதில் புதுசாக ஒரு வேலை செய்யணும் என்றால் பிளகின் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். செருகுநிரல் என்று தமிழில் எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். மிக்சியில் பெரிய ஜாரை எடுத்துவிட்டுச் சட்னி ஜாரைச் செருகுகிறோமே, அது மாதிரி. பொருள் விற்பதற்கு ஒரு பிளகின், பணம் வாங்க ஒன்று, படிவத்துக்கு ஒன்று. குப்பையைப் பிரித்து ஒதுக்குவதற்கு ஆகிஸ்மெட் என்று ஒன்று. அது 2005-ல் இருந்து இருக்கிறது. வேர்டுபிரஸைப் போடும்போதே அதுவும் கூடவே வந்திருக்கும். நம்ம தளத்திலும் முதல் நாளில் இருந்தே இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், 'ஏபிஐ கீ கொடு' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இந்த ஏபிஐ கீ என்பது பூட்டைத் திறக்கிற சாவி மாதிரி இல்லை. எனக்குத் தோன்றுவது பால் சொசைட்டி உறுப்பினர் எண். நாம் பாலைக் கொண்டுபோய் ஊற்றும்போது எண்ணைச் சொல்கிறோம். அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த எண்ணில் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். நாம் போகாமல் பையனை அனுப்பினாலும் எண்ணைச் சொன்னால் போதும். அதே மாதிரி, நம்ம படிவத்துக்கு ஒரு விசாரணை வந்தவுடன், நம்ம தளம் அந்தச் செய்தியை ஆகிஸ்மெட்டின் கணினிக்கு அனுப்பும். கூடவே இந்தச் சாவியையும் சொல்லும். இது இன்னார் தளம், கணக்கு இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டு, இந்தச் செய்தி குப்பையா நல்லதா என்று பதில் சொல்லும். ராத்திரி 2 மணிக்கு நாம் எல்லோரும் தூங்கும்போதும் இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். பாஸ்வேர்டு என்பது மனுஷி உள்ளே போவதற்கு. ஏபிஐ கீ என்பது ஒரு மிஷின் இன்னொரு மிஷினிடம் தன்னை யார் என்று சொல்வதற்கு.

சரி, அந்தச் சாவி எங்கே கிடைக்கும்? எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். சாவி கேட்பது நம்ம தளத்துக்கு உள்ளே. அதனால் சாவியும் நம்ம தளத்துக்கு உள்ளேயே எங்கேயோ இருக்கும் என்று தேடுவார்கள். செட்டிங்ஸ் முழுக்கப் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே இருக்காது. சொசைட்டி எண்ணைத் தொழுவத்தில் தேடினால் கிடைக்குமா? சொசைட்டிக்குத்தான் போகணும்.

போனால் இரண்டாவது தடுமாற்றம். அங்கே ஒரு லாகின் கேட்கும். 'வேர்டுபிரஸ் டாட் காம்' கணக்கில் நுழையுங்கள் என்று சொல்லும். நம்மகிட்டதான் வேர்டுபிரஸ் லாகின் இருக்கே என்று நம்ம தளத்து யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போடுவோம். தப்பு என்று சொல்லும். மறுபடி போடுவோம். மறுபடியும் தப்பு. பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்று நல்லா இருக்கிற பாஸ்வேர்டை மாற்றிவிடுவோம். அப்பவும் திறக்காது. ஏன்னா இரண்டும் வேற வேற.

இதை எங்க ஆபீசில் நான் ஒரு மெஸ்ஸை வைத்துச் சொல்வேன். வேர்டுபிரஸ் என்பது ஒரு சமையல் குறிப்பு. எல்லோருக்கும் பொது. அந்தக் குறிப்பை எடுத்து நாம் நம்ம வீட்டு அடுப்பில் சமைக்கிறோம், அது நம்ம தளம். நம்ம வீட்டுச் சாவி நம்மகிட்ட. அதே குறிப்பை வைத்து ஒரு கம்பெனி மெஸ் நடத்துகிறது, அதுதான் வேர்டுபிரஸ் டாட் காம். அந்தக் கம்பெனி பெயர் ஆட்டோமேட்டிக். ஆகிஸ்மெட்டும் அவர்கள் பொருள்தான். அதனால் டோக்கன் வாங்க மெஸ் கவுண்டருக்குப் போகணும், மெஸ்ஸில் தனியாகப் பெயர் பதியணும். வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் மெஸ் கதவில் போட்டால் திறக்குமா? நுழைவுப் பக்கம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் வம்பு. எழுத்தைப் பார்க்காதீர்கள், மேலே இருக்கிற முகவரியைப் பாருங்கள். நம்ம தளத்து முகவரி இருந்தால் நம்ம பாஸ்வேர்டு. இல்லையென்றால் இல்லை. வங்கி பெயரில் வருகிற போலிப் பக்கத்துக்கும் இதே விதிதான், அதனால் இந்தப் பழக்கம் இரண்டு விதத்தில் உதவும்.

அங்கே பதிந்து உள்ளே போனால் திட்டங்கள் என்று காட்டும். சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல் நடத்துகிற தளம் என்றால் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் இருக்கலாம். நாம் விற்கிறோம். அதனால் நமக்கு அது பொருந்தாது, கட்டணத் திட்டம்தான். "சும்மா கிடைக்கிறதை எடுத்துக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்று செயற்குழுவில் ஒரு பேச்சு வந்தது. தலைவி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம மாவுல யாராவது எடைக்கல்லைக் குறைச்சு வெச்சு வாங்கினா நாம என்ன சொல்லுவோம்?" என்று கேட்டார்கள். தீர்மானம் போட்டு, பணம் கட்டி வாங்கினோம்.

வாங்கினால் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. இவ்வளவுதானா என்றுதான் இருக்கும். கணக்குப் பக்கத்தில் இருக்கும், மெயிலுக்கும் வரும். கையால் பார்த்து அடிக்க வேண்டாம், பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழப்பம் வரும். நகலெடுத்து ஒட்டினால் போதும். ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி சேர்ந்து வந்தால்கூடச் செல்லாது என்று சொல்லலாம், அதைப் பார்த்துக்கொள்ளணும். இன்னொன்றும் இருக்கு. சாவியைப் போட்டால் மட்டும் போதாது, படிவத்துக்கான பிளகினிடம் 'இதைக் கேட்டுப் பிரி' என்று தனியாகச் சொல்லி இணைக்கணும். இப்போ நாலைந்து மாசமாக நல்லா ஓடுகிறது. எப்போதாவது நல்ல விசாரணையும் குப்பையில் விழும். திங்கள்கிழமை காலையில் டீக்கு முன்னாடி குப்பையை ஒரு தடவை கிளறிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். ஒரு தடவை அப்படிக் கிளறினதில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் கிடைத்தது. துணிப்பைதான்.

இதைக் கேட்டால் ரொம்ப சுலபமாகத் தெரியும். ஆனால் கார்த்திகையில் தொடங்கினது மாசி வரைக்கும் இழுத்தது. ஏன்? கட்டணம் கட்டி வாங்கின சாவியை உள்ளே போடுவதற்கு நம்ம தளத்தில் முழு அதிகாரம் உள்ள லாகின் நம்மகிட்டயே இல்லை.

தளம் கட்டிக் கொடுத்தவர் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். நல்ல உழைப்பாளி, கூலியும் குறைச்சுத்தான் வாங்கினார். வேலை சீக்கிரம் முடியணும் என்று எல்லாவற்றையும் தன்னுடைய சொந்த மெயிலில் பதிந்துவிட்டார். தளத்தின் பெயர் அவர் மெயிலில். தளம் தங்கியிருக்கிற இடம், ஹோஸ்டிங் என்பார்கள், அதுவும் அவர் மெயிலில். நம்மகிட்ட கொடுத்தது பொருள் ஏற்றவும் ஆர்டர் பார்க்கவும் ஒரே ஒரு லாகின். அப்புறம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வருஷா வருஷம் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவருக்குத்தான் போகும். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் காலம் முடிந்து, சலுகை நாளும் முடிந்து, அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நம்ம மாவுப் பாக்கெட்டில், துணிப்பையில், போஸ்டரில் எல்லாம் அச்சடித்திருக்கிற பெயர்! ஊரில் ஒரு இடத்தை வாங்கிப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் பதிந்த கதைதான்.

நல்லவேளை, அந்தத் தம்பி போனை எடுத்தார். அவருக்கு அங்கே பகல் ஷிப்டு முடிவது நமக்கு நடுராத்திரி. மூன்று ராத்திரி நானும் செயலாளர் அக்காவும் ஆபீசில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்க, நாங்கள் வாங்கிக்கொண்டோம். அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

வாங்கினதில் ஒரு வரிசை உண்டு. அதைச் சொல்கிறேன், மற்ற வட்டாரத்தில் இருந்து வந்திருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கூட்டமைப்பின் பெயரில் ஒரு மெயில். அதுதான் தாய். ஏன் என்றால், எந்த இடத்தில் பாஸ்வேர்டை மறந்தாலும் புதுசாக மாற்றிக்கொள்ளும் வழி மெயிலுக்குத்தான் வரும். மெயில் யார் கையில் இருக்கிறதோ, மற்ற எல்லாப் பூட்டும் அவர் கையில். அந்த மெயிலைத் தலைவி வீட்டுப் பையன் போனிலோ, என் போனிலோ தொடங்கக் கூடாது. நாளைக்கு நான் வேலையை விட்டுப் போகலாம், அந்தப் பையன் போனை விற்கலாம். ஆபீஸ் பெயரில் ஒரு சிம் வாங்கி, அதில் தொடங்கினோம். அந்த சிம்மை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் அதையும் மாதச் செலவில் எழுதியிருக்கிறோம். தணிக்கைக்கு வந்தவர் இது என்ன செலவு என்று கேட்டார், சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டு போட்ட பிறகு போனுக்கு வருவதையும் கேட்கும். அதை இயக்கும்போது, போன் தொலைந்தால் பயன்படுத்த 10 மாற்று எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அதை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலே மூன்று பேர் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். பரீட்சை கேள்வித்தாள் மாதிரி. உறை பிரிந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மெயிலுக்கு அப்புறம் தளத்தின் பெயர். அதற்கப்புறம் ஹோஸ்டிங். அதற்கப்புறம் தளத்தின் முழு அதிகார லாகின். பிறகு பணம் வாங்குகிற கணக்கு. கடைசியாகத்தான் ஆகிஸ்மெட் மாதிரி சின்னச் சின்ன சாவிகள். இதற்கென்று ஒரு பதிவேடு போட்டோம். ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் மாதிரி இதுவும் ஒரு புத்தகம். எந்தக் கணக்கு, முகவரி என்ன, எந்த மெயிலில் இருக்கிறது, ஓடிபி எந்த போனுக்கு வரும், எந்தத் தேதியில் புதுப்பிக்கணும், யார் பொறுப்பு. பாஸ்வேர்டு மட்டும் இந்தப் புத்தகத்தில் கிடையாது, அது உறையில். எழுதி வைக்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூட்டின பீரோவில் இருக்கிற காகிதத்தை ரஷ்யாவில் இருந்து யாரும் திருட முடியாது. எழுதி வைக்காதே என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பார்கள். ஒரு இடத்தில் களவு போனால் அத்தனை கதவும் திறந்துகொள்ளும், அதுதான் பெரிய ஆபத்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து வைத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். அம்மிக்கல்லும் ரயிலும் கொய்யாவும் நீலமும் என்று வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? சொன்னதால் இதை இனி யாரும் வைக்காதீர்கள்.

பணம் வாங்குகிற கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அங்கே இரண்டு சாவி. வாடிக்கையாளர் நம்ம தளத்தில் பணம் கட்டும்போது ரேசர்பே போன்ற ஒரு நிறுவனம் வாங்கி நம்ம வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. அவர்கள் தருவதில் ஒன்று சாவி எண், வெளியே தெரிந்தால் பரவாயில்லை. இன்னொன்று ரகசியம். அது உருவாக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கண்ணுக்குக் காட்டும், அப்புறம் அவர்களே காட்ட மாட்டார்கள். தொலைந்தால் புதுசு போட்டுக்கொள்ளலாம், ஆனால் புதுசு போட்டதும் நம்ம பிளகினிலும் மாற்றணும். மாற்றாமல் விட்டால் பழையது செத்த உடனே கட்டணம் வருவது நின்றுவிடும். அதிலும் சோதனைச் சாவி, நிஜச் சாவி என்று இரண்டு வகை. எண்ணின் ஆரம்பத்திலேயே டெஸ்ட், லைவ் என்று போட்டிருக்கும். சோதனைச் சாவியில் ஆர்டர் நடந்த மாதிரி இருக்கும், நிஜக் காசு ஒரு பைசா வராது. தளத்தை யார் கட்டிக் கொடுத்தாலும், திறப்பு விழாவுக்கு முன்னாடி நீங்களே பத்து ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கி, அது வங்கிப் பாஸ்புக்கில் ஏறுகிற வரைக்கும் பாருங்கள்.

இந்த ரகசியச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. கூட்டமைப்பு குரூப்பில் கூடவே கூடாது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தலைவி அம்மாவுக்கே தெரியாது, போட்ட படம் எத்தனை போனில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. தப்பித்தவறி வெளியே போயிருந்தால் யார் போட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே புதுச் சாவி போட்டுப் பழையதைச் செல்லாமல் பண்ணுவதுதான் வேலை. பாஸ்வேர்டை விட ஏபிஐ கீயில் இது ஒரு வசதி. சாவியை மாற்றினால் லாகின் மாறாது, ஆட்கள் யாரும் புதுசாக எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

இனி எங்களுக்குள்ளேயே கஷ்டமாக இருந்த விஷயம். தனித்தனி லாகின்.

முன்பு ஒரே லாகின் என்று சொன்னேன் இல்லையா, அதைத்தான் ஆறு பேர் பயன்படுத்தினார்கள். ஒரு நாள் மலைத்தேன் அரைக் கிலோ 320 ரூபாய் என்று இருந்தது 32 ரூபாய் என்று மாறியிருந்தது. ஒரு சாயந்திரத்துக்குள் 14 ஆர்டர். அனுப்பியும் தீரணும், நஷ்டம் தேன் குழுவுக்கு. யார் மாற்றினது? ஆறு பேரும் நான் இல்லை என்றார்கள். அதில் கடைசியாகச் சேர்ந்த ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் படித்தவள், எல்லோர் கண்ணும் அவள் மேல் திரும்பியது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. மறுநாளில் இருந்து வரவில்லை. இரண்டு மாசம் வரவில்லை. அவள் அம்மாவும் குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு வரைக்கும் அது யார் செய்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது, ஏன்னா தளத்தைப் பொறுத்தவரை உள்ளே வந்தது ஒரே ஆள்.

அதற்கப்புறம்தான் ஆளுக்கொரு லாகின் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். உடனே எதிர்ப்பு வந்தது. "இத்தனை வருஷமா ஒண்ணா இருந்துட்டு இப்ப ஆளுக்கு ஒரு பூட்டா? எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று மசாலா குழு அக்கா எழுந்து நின்று கேட்டார்கள், குரல் உடைந்துவிட்டது. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர்கள் ஊக்குநராக இருந்து நடத்தின குழுவில்தான் என் அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். நான் பொதுப் பேரேட்டைத் திறந்து காட்டினேன். தருமபுரியில் 1989-ல் முதல் குழுக்கள் தொடங்கின இயக்கம் நம்முடையது. இன்றைக்கும் நம்ம குழு வங்கிக் கணக்கில் ஒருத்தர் கையெழுத்தில் பணம் எடுக்க முடியாது. சந்தாப் பணம் வாங்கினால் கொடுத்தவர் பெயர், வாங்கினவர் கையெழுத்து. நம்பிக்கை இல்லாமலா அக்கா அப்படி வெச்சோம் என்று கேட்டேன். கையெழுத்து இருந்ததால்தான் ஒரு தடவை 700 ரூபாய் குறைந்தபோது அவர்கள் மேலேயே பழி வராமல் தப்பித்தார்கள். அதை அவர்களே சபையில் சொன்னார்கள். அப்புறம் தீர்மானம் நிறைவேறியது.

வேர்டுபிரஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கலாம். நிர்வாகி என்றால் எல்லா அதிகாரமும் உண்டு, பிளகின் சேர்க்கலாம், சாவி மாற்றலாம், மற்ற ஆட்களை நீக்கலாம். அது இரண்டு பேருக்கு மட்டும். விற்பனைப் பிளகினில் கடை மேலாளர் என்று ஒரு பொறுப்பு வருகிறது. பொருள், விலை, ஆர்டர் பார்க்கலாம், பிளகினைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அது நாலு பேருக்கு. யார் எப்போ என்ன மாற்றினார்கள் என்று குறித்து வைக்கிற பிளகின் ஒன்றையும் தனியாகப் போட்டோம். தனி லாகின் மட்டும் இருந்து இது இல்லாவிட்டால் விலை மாறினது தெரியாது. நிர்வாகி இரண்டு பேரும்கூட அன்றாட வேலைக்குத் தனியாக ஒரு கடை மேலாளர் லாகின் வைத்திருக்கிறோம். பீரோ சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டாம் என்றுதான்.

ஒருத்தர் விலகிப் போனால் அவர் லாகினை மட்டும் எடுத்தால் போதும், மற்றவர்கள் பாஸ்வேர்டு மாற்ற வேண்டாம். எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்கும், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இவர் ஏற்றினதை எல்லாம் அழித்துவிடவா, இல்லை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றவா என்று கேட்கும். அழி என்றால் அவர் ஏற்றினது அவரோடு போய்விடலாம். வேறு பெயருக்கு மாற்று என்பதைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

உங்கள் சொந்த போனுக்கும் இதில் பாதி பொருந்தும். யூபிஐ பின் நம்பர் பணம் அனுப்புவதற்குத்தான். பணம் வருவதற்குப் பின் போடத் தேவையே இல்லை. மானியம் வந்திருக்கு, பின் போடுங்க என்று யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்கள் என்று ஒளிக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பொண்ணு என்ன ஆனாள் என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். வந்துவிட்டாள். மசாலா குழு அக்காவே வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். இப்போ நிர்வாகி லாகின் இரண்டில் ஒன்று அவளிடம் இருக்கிறது. இன்னொன்று செயலாளர் அக்காவிடம். என்னிடம் கடை மேலாளர்தான், கணக்கு எழுதுகிறவளிடம் எல்லாச் சாவியும் இருக்கக் கூடாது என்று நானே கேட்டு வாங்கினேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ் அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். தளம் வைத்திருக்கிற மற்ற கூட்டமைப்புக்காரர்கள், உங்கள் தளத்தின் பெயர் எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியாவிட்டால் முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்வாள். பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு வர வேண்டாம், கேட்க மாட்டாள். பதிவேட்டின் மாதிரித் தாளை 50 நகல் எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். குழுவுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.